தொல்லை தரும் கருவிகளும் எமது உடல்நலமும்



சென்ற மாரிகாலத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஸ்காபரோவில் முதியோர் தொடர்மாடி ஒன்றில் அவர் தனியாக இருக்கிறார். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர். மணி அடிக்கவே இல்லை, நேராகக் குரலஞ்சலுக்குப் போனது. மனைவி எடுத்தார், அப்படியே. ஏழரை மணிக்கும் அதே கதை. இருவரும் மார்க்கத்திலிருந்து காரில் ஓடினோம். அந்த இருபது நிமிடத்தில் மனம் எங்கெல்லாம் போயிருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கதவைத் திறந்தவர் தேநீர்க் கோப்பையோடு நின்றார். "என்ன தம்பி, விடியக் காலமை?" என்று கேட்டார்.

"ஏன் மாமி போனை நிப்பாட்டி வைச்சிருக்கிறீங்கள்?"

"அது இரவு முழுக்க டிங் டிங் எண்டு அடிச்சுக்கொண்டே இருக்குது. நித்திரை கொள்ள விடுதில்லை. அதுதான் நிப்பாட்டிப் போட்டுப் படுத்தனான்."

அவரில் பிழை சொல்ல முடியாது. தொலைபேசியை வாங்கிக் கொடுத்த நாங்கள், அது இரவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று பத்து நிமிடம் செலவழித்துச் சில மாற்றங்களைச் செய்தோம். அதற்குப் பிறகு மாமி நிம்மதியாகத் தூங்குகிறார், நாங்களும்தான்.

வீட்டிலுள்ள கருவிகள் தொல்லை தரும்போது நாம் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: நிப்பாட்டி வைப்பது, பற்றறியைக் கழற்றுவது, அல்லது லாச்சிக்குள் போடுவது. ஆனால் தொலைபேசி, புகை எச்சரிக்கைக் கருவி, சீனி அளக்கும் கருவி போன்றவை ஒரு நாள் உயிரைக் காக்க வேண்டியவை. அவற்றை நிறுத்தாமல், எமது வசதிக்கேற்ப மாற்றி வைத்துக்கொள்வது எப்படி என்று பார்ப்போம்.

1. இரவில் அடிக்கும் தொலைபேசி

எமது மக்களுக்கு இரவுத் தொலைபேசி என்றாலே நெஞ்சு படபடக்கும். ஊரில் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்ற செய்தி இரவில் வந்து பழகியவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் மதியம் 12 மணி என்றால், இங்கே கோடைகாலத்தில் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 1.30. அங்கே உள்ளவர்கள் சாப்பாட்டு நேரத்தில் வட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தைப் போட, இங்கே எமது நித்திரை கலைகிறது. நிறுத்தவும் பயம், நிறுத்தாமல் விடவும் முடியவில்லை.

நித்திரை சிறிய விடயம் அல்ல. 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு 7 முதல் 9 மணிநேரமும், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 7 முதல் 8 மணிநேரமும் நித்திரை தேவை என்று 2020இல் வெளியான கனடிய வழிகாட்டல் சொல்கிறது. தொடர்ந்து நித்திரை குறைந்தால் இரத்த அழுத்தமும் நீரிழிவும் கட்டுப்பாட்டை மீறும். தலைச்சுற்றும், விழுகின்ற ஆபத்தும் கூடும்.

முதலில் வட்ஸ்அப் குழுக்களின் சத்தத்தை நிறுத்துங்கள். குழுவைத் திறந்து, மேலே உள்ள குழுவின் பெயரைத் தட்டினால் 'மியூட்' என்று இருக்கும். எட்டு மணிநேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தெரிவுகள் உண்டு. 'எப்போதும்' என்பதைத் தெரிவு செய்யலாம். செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கும், சத்தம் மட்டும் வராது. நீங்கள் சத்தத்தை நிறுத்தியது குழுவில் உள்ள மற்றவர்களுக்குத் தெரியாது. எனவே யாரும் கோபிப்பார்கள் என்ற கவலை வேண்டாம்.

அடுத்தது 'டூ நொட் டிஸ்ரேர்ப்' எனப்படும் தொந்தரவு செய்யாதே என்ற வசதி. ஐபோனிலும் அன்ட்ரொயிட் தொலைபேசிகளிலும் இது இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தானாகவே இயங்கும்படி வைக்கலாம். இதில் இரண்டு விதிவிலக்குகளைக் கட்டாயம் செய்து வையுங்கள்.

முதலாவது, மகன், மகள், பக்கத்து வீட்டுக்காரர் போன்ற நான்கைந்து பேரை விருப்பப் பட்டியலில் சேர்த்து, அவர்களின் அழைப்பு மட்டும் எந்த நேரமும் அடிக்கும்படி விடுவது. இரண்டாவது, ஒரே ஆள் திரும்பவும் எடுத்தால் அடிக்க விடுவது. ஐபோனில் ஒரே இலக்கத்திலிருந்து மூன்று நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தால் அது அடிக்கும். அன்ட்ரொயிட்டில் அந்த இடைவெளி 15 நிமிடம். அவசரம் என்றால் மனிதர்கள் இரண்டாம் முறையும் எடுப்பார்கள் என்ற எளிமையான கணக்குத்தான் இது. "அவசரம் என்றால் உடனே இன்னொரு தரம் எடுங்கோ" என்று உறவினர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

ஒரு கவனம்: சாதாரண அழைப்புக்கு உள்ள இந்த விதி வட்ஸ்அப் அழைப்புக்கும் சரியாக வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து அறையிலிருந்து ஒரு முறை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால், ஊரிலிருந்து வரும் அவசரச் செய்தியை முதலில் வாங்குவதற்குக் குடும்பத்தில் ஒருவரை ஒழுங்கு செய்யலாம். அவர் சாதாரணத் தொலைபேசியில் பெற்றோரை அழைத்துப் பக்குவமாகச் சொல்வார். எண்பது வயதானவருக்கு ஒரு மரணச் செய்தி நடுச்சாமத்தில் தனியாக இருக்கும்போது போய்ச் சேராமல் இருப்பதற்கும் அது நல்லது.

படுக்கையில் தொலைபேசி பார்ப்பவர்களுக்காகத் திரையை மஞ்சள் நிறமாக்கும் வசதி ஒன்றும் உண்டு. கண்ணுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அது மட்டும் நித்திரையைக் கொண்டுவரும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. கட்டிலுக்கு எட்டாத, ஆனால் மணி கேட்கக்கூடிய இடத்தில் தொலைபேசியை வைப்பதே மேல்.

2. தெரியாத இலக்கங்களும் வைத்தியசாலை அழைப்புகளும்

குழாய் சுத்தம் செய்யவா, வருமான வரி பாக்கியா, வங்கிக் கணக்கில் பிரச்சினையா என்று நாளுக்குப் பத்து அழைப்பு. விற்பனை அழைப்புகளைக் குறைப்பதற்குக் கனடாவில் 2008 செப்ரெம்பர் 30 முதல் தேசிய அழைக்கவேண்டாம் பட்டியல் இயங்குகிறது. 1-866-580-3625 என்ற இலக்கத்தில் வீட்டுத் தொலைபேசியையும் கைத்தொலைபேசியையும் இலவசமாகப் பதியலாம். தொண்டு நிறுவனங்கள், அரசியல் கட்சிகள், கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மோசடிக்காரர்கள் எந்தப் பட்டியலையும் மதிக்கப் போவதில்லை. அவர்களிடம் ஏமாந்தாலோ, ஏமாறப் பார்த்தாலோ, கனடிய மோசடி எதிர்ப்பு நிலையத்துக்கு 1-888-495-8501 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள்.

இந்தத் தொல்லையால் பலர், தெரியாத இலக்கங்களிலிருந்து வரும் அழைப்புகள் அடிக்காதபடி செய்துவிடுகிறார்கள். பிள்ளைகளே நல்லெண்ணத்தோடு பெற்றோருக்கு அதைச் செய்து கொடுக்கிறார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. வைத்தியசாலைகள், விசேட வைத்தியர்கள், ஸ்கான் எடுக்கும் நிலையங்கள் பல, இலக்கம் தெரியாதபடியே அழைக்கின்றன. 'பிறைவேற்' என்று திரையில் வரும். அதை எடுக்காமல் விட்டு, மாதக்கணக்காகக் காத்திருந்த சந்திப்பு நாளைத் தவறவிட்டவர்களை எமக்குத் தெரியும்.

எனவே, ஏதாவது பரிசோதனைக்கோ சத்திரசிகிச்சைக்கோ காத்திருக்கும் காலத்தில் அந்த வசதியை நிறுத்தி வையுங்கள். நிறுத்த விருப்பமில்லை என்றால் குரலஞ்சல் பெட்டியை ஒழுங்காக வைத்திருங்கள். பெட்டி நிரம்பியிருந்தால் செய்தி விட முடியாது. உங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்துக் குரலைப் பதிந்து, பழைய செய்திகளை மாதம் ஒரு தடவை அழியுங்கள். குடும்ப வைத்தியரின் அலுவலகத்தில் மகனின் அல்லது மகளின் இலக்கத்தையும் இரண்டாவது இலக்கமாகக் கொடுத்து வைப்பது மிக நல்லது.

3. எழுத்தும் மொழியும்

"எழுத்து சின்னன், வாசிக்க ஏலாது" என்று மருந்தகத்திலிருந்து வரும் குறுஞ்செய்தியை வாசிக்காமலே விடுபவர்கள் இருக்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்குவது மிகச் சுலபம். செற்றிங்ஸ் பகுதியில் திரை தொடர்பான இடத்துக்குப் போனால், எழுத்தின் அளவைக் கூட்டவும் தடிப்பாக்கவும் முடியும். தொலைபேசியின் கமராவையே பூதக்கண்ணாடியாகப் பாவித்து மருந்துப் போத்தலின் லேபிளை வாசிக்கவும் முடியும்.

எழுத்தைப் பெரிதாக்கியும் மங்கலாகத் தெரிந்தால் அது தொலைபேசியின் குறை அல்ல, கண்ணைக் காட்ட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு தடவை கண் பரிசோதனைக்கு ஓஹிப் பணம் கட்டுகிறது. 65 வயதுக்கு மேற்பட்ட, நீரிழிவோ வேறு குறித்த கண் நோய்களோ இல்லாதவர்களுக்கு 2023 செப்ரெம்பர் முதல் அது 18 மாதத்துக்கு ஒரு தடவை.

தமிழில் பார்ப்பதும் இப்போது இலகு. பாமினி எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் தமிழ்க் கடிதம் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரிந்த காலம் எம்மில் பலருக்கு நினைவிருக்கும். யூனிகோட் வந்தபின் அந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது. ஐபோனில் 2013 முதல் தமிழ் விசைப்பலகை உள்ளேயே வருகிறது. தட்டச்சுத் தெரியாதவர்கள் ஒலிவாங்கிப் படத்தை அழுத்தித் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். கூகிளின் விசைப்பலகையில் இலங்கைத் தமிழ் என்று தனியாகத் தெரிவு செய்யவும் முடியும்.

தொலைபேசி முழுவதையும் தமிழுக்கு மாற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். உதவி செய்ய வரும் பேரப்பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் அவர் எதையும் கண்டுபிடிக்க மாட்டார். எமது அனுபவத்தில், தொலைபேசியை ஆங்கிலத்தில் விட்டு, விசைப்பலகையையும் குரல் எழுத்தையும் தமிழில் வைப்பது பலருக்குப் பொருந்துகிறது.

4. அவசர உதவிப் பொத்தான்

புதிய தொலைபேசிகள் பலவற்றில் பக்கத்துப் பொத்தானை ஐந்து தடவை விரைவாக அழுத்தினால் 911க்கு அழைப்புப் போகும். விழுந்து கிடப்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் கைப்பையிலோ சட்டைப் பையிலோ இருக்கும்போது தானாக அழுத்துப்பட்டும் அழைப்புப் போகிறது. 2023இல் கனடாவின் பல இடங்களில் இப்படித் தவறுதலாக வரும் அழைப்புகள் பெருகியதாகப் பொலிஸார் அறிவித்தார்கள்.

தவறுதலாகப் போய்விட்டால் பயந்து உடனே வைத்துவிடாதீர்கள். வைத்தால் ஆபத்தில் இருக்கிறீர்களோ என்று அவர்கள் திரும்ப அழைக்க வேண்டும், ஆளும் அனுப்ப வேண்டியிருக்கலாம். "தவறுதலாக அழுத்திவிட்டேன், ஆபத்து ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு வையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ரொறன்ரோவில் 911 சேவை மொழிபெயர்ப்பாளரை இணைக்கும். தனியாக வாழும் முதியவர் என்றால் இந்த வசதியை வைத்திருப்பதே நல்லது. அடிக்கடி தவறுதலாக அழுத்துப்படுகிறது என்றால் மட்டும் செற்றிங்ஸில் நிறுத்தலாம்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது மருத்துவ விபரப் பதிவு. ஐபோனில் 'ஹெல்த்' செயலிக்குள் 'மெடிக்கல் ஐடி' என்றும், அன்ட்ரொயிட்டில் பாதுகாப்பும் அவசரமும் என்ற பகுதியிலும் இது இருக்கும். பூட்டிய தொலைபேசியிலும் அம்புலன்ஸ் ஊழியர் இதைப் பார்க்கலாம். நோய்கள், மருந்துகள், குறிப்பாக இரத்தத்தை இளக்கும் மருந்து எடுக்கிறீர்களா என்பது, பெனிசிலின் போன்ற ஒவ்வாமை, அழைக்க வேண்டிய இருவரின் இலக்கம், தமிழ் பேசுபவர் என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். பார்ப்பவர் வாசிக்க வேண்டும் என்பதால் இதை மட்டும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். ஐபோனில், பூட்டிய திரையில் காட்டு என்பதையும் இயக்க மறக்காதீர்கள்.

5. நிறுத்த முடியாத ஒரு சத்தம்

2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை காலை 7.23 மணி. ஒன்ராறியோ முழுவதும் தொலைபேசிகள் அலறின. பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஒரு சம்பவம் என்று செய்தி. பிக்கரிங், அஜாக்ஸ், ஸ்காபரோ என்று வாழும் எம்மவர் பலர் பிள்ளைகளை எழுப்பி உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றார்கள். அது ஒரு பயிற்சியின்போது தவறுதலாக அனுப்பப்பட்டது என்ற திருத்தம் வர ஏறத்தாழ இரண்டு மணிநேரம் எடுத்தது.

கைத்தொலைபேசிக்கு இத்தகைய அவசர அறிவிப்பு அனுப்பும் முறை கனடாவில் 2018 ஏப்ரலில் தொடங்கியது. இதை மட்டும் நாங்கள் விலக்கிவைக்க முடியாது. காணாமற்போன குழந்தைக்கான அறிவிப்பும், சூறாவளி எச்சரிக்கையும் இதே வழியாகத்தான் வரும். சத்தம் பயமாக இருக்கிறது என்று தொலைபேசியையே நிறுத்தி வைப்பது சரியல்ல. சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று முதியவர்களுக்கு முன்பே விளக்கி வையுங்கள்: செய்தியை வாசி, பிள்ளைக்கு எடு, பதறாதே. பிக்கரிங் நிலையத்திலிருந்து 50 கிலோமீற்றருக்குள் இருப்பவர்கள் அயோடின் மாத்திரையை இலவசமாகக் கேட்டுப் பெற்று வீட்டில் வைக்கலாம். அதிகாரிகள் சொன்னால் மட்டுமே அதை எடுக்க வேண்டும்.

6. குசினியும் புகை எச்சரிக்கைக் கருவியும்

இந்த விடயத்தில் எங்கள் சமையலையும் கொஞ்சம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கடுகு தாளித்து, செத்தல் மிளகாய் வறுத்து, றோல்ஸ் பொரிக்கத் தொடங்கினால் கருவி கத்தும். ஒருவர் துவாயால் விசிறுவார், இன்னொருவர் கதிரையில் ஏறிப் பற்றறியைக் கழற்றுவார். பிறகு அந்தப் பற்றறி ரீவி றிமோற்றுக்குள் போய்விடும். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரவு நேரத் தீயை அறிவிக்க எதுவும் இல்லை.

ஒன்ராறியோவில் வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், படுக்கை அறைகளுக்கு வெளியேயும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். அதைச் செயலிழக்கச் செய்வது சட்டப்படி குற்றம். வாடகை வீட்டில் அதைப் பூட்டிப் பராமரிப்பது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. நிலக்கீழ் அறைகளில் வாடகைக்கு இருக்கும் மாணவர்களும் புதிதாக வந்தவர்களும் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

பற்றறியைக் கழற்றாமல் செய்யக்கூடியவை இவை. தாளிக்கும் முன் அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியைப் போடுங்கள், ஜன்னலைத் திறவுங்கள். தொடர்மாடியில் புகையைப் போக்குவதற்கு நடைபாதைக் கதவைத் திறக்காதீர்கள், கட்டடம் முழுவதற்கும் மணி அடிக்கும். பல கருவிகளில் 'ஹஷ்' என்ற பொத்தான் உண்டு, அழுத்தினால் சில நிமிடம் அமைதியாக இருந்து பிறகு தானாக இயங்கும். சமையலறைக்கு அருகில் உள்ளதை மாற்றும்போது 'போட்டோ எலெக்ட்ரிக்' வகையைக் கேளுங்கள், சமையல் புகைக்கு அது குறைவாகக் கத்தும்.

நிமிடத்துக்கு ஒரு தடவை 'கீச்' என்று ஒலித்தால் பற்றறி முடிகிறது என்று பொருள். மூன்று மூன்றாக ஒலித்தால் புகை. நான்கு நான்காக ஒலித்தால் காபன் மொனொக்சைட் வாயு. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, ஓங்காளம், தலைச்சுற்று என்று சாதாரண காய்ச்சல் போலத் தொடங்கி உயிரை எடுக்கும். நான்கு ஒலி கேட்டால் எல்லோரும் வெளியே போய் 911ஐ அழையுங்கள். புகைக் கருவியை மாதம் ஒரு தடவை அழுத்திச் சோதியுங்கள், பத்து ஆண்டுக்கு ஒரு தடவை புதிதாக மாற்றுங்கள்.

7. சீனி அளக்கும் கருவியின் மணி

கையில் ஒட்டும் சீனி அளவீட்டுக் கருவி இப்போது எம்மவர் பலரிடம் இருக்கிறது. இன்சுலின் பாவிப்பவர்களுக்கு 2019 செப்ரெம்பரில் ஒன்ராறியோ அரசின் மருந்துத் திட்டம் இவ்வகைக் கருவி ஒன்றுக்குப் பணம் கட்டத் தொடங்கியது. இதிலும் தொல்லை உண்டு. சோறு சாப்பிட்டதும் 'சீனி கூடிவிட்டது' என்று மணி அடிக்கும். கலியாண வீட்டில் வெட்கமாக இருக்கிறது என்று சிலர் செயலியின் அறிவிப்புகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் சீனி குறையும்போது அடிக்க வேண்டிய மணியும் அடிக்காமல் போகலாம். ஆபத்து அங்கேதான்.

கூடிய அளவுக்கான எல்லையை உங்கள் வைத்தியருடனோ நீரிழிவுத் தாதியுடனோ கதைத்து மாற்றிக்கொள்ளலாம். குறைந்த அளவுக்கான மணியில் கை வைக்காதீர்கள். இரவில் தொந்தரவு செய்யாதே வசதி இயங்கும்போதும் அந்த மணி அடிக்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். சீனி 4.0க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்ப அளவுங்கள். மயக்கமான ஒருவருக்கு வாயால் எதுவும் கொடுக்காமல் 911ஐ அழையுங்கள். அவசரம் இல்லாத சந்தேகங்களுக்கு 811ஐ எந்நேரமும் அழைத்துத் தாதியுடன் கதைக்கலாம், அங்கும் மொழிபெயர்ப்பு உதவி கிடைக்கும்.

8. பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

அடுத்த முறை அம்மா, அப்பாவைப் பார்க்கப் போகும்போது ஒரு அரை மணிநேரம் ஒதுக்குங்கள். தொலைபேசியைப் பறித்து நீங்களே எல்லாவற்றையும் மாற்றிவிட்டு நீட்டாதீர்கள். உங்களுக்கு வசதியானது அவர்களுக்கு வசதியாக இருக்க வேண்டும் என்றில்லை. எந்தச் சத்தம் தொல்லை, எந்த எழுத்து தெரியவில்லை, இரவில் யார் எடுத்தால் எழும்ப விருப்பம் என்று முதலில் கேளுங்கள். பிறகு அவர்களின் கையாலேயே செய்விக்கச் சொல்லிக் கொடுங்கள். மாற்றியதை ஒரு கடதாசியில் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி விடுங்கள்.

மாமியின் குளிர்சாதனப் பெட்டியிலும் அப்படி ஒரு கடதாசி இருக்கிறது. இரவில் அவரின் தொலைபேசி அடிக்கக்கூடிய ஐந்து பேரின் பெயர்கள் அதில் உண்டு. ஐந்தாவது பெயர் யாருடையது என்று கேட்டேன். "பக்கத்துக் கதவு பிலிப்பினோ மனிசி. அவவுக்கும் ஒருத்தரும் இல்லை, தம்பி. அவ எடுத்தாலும் நான் எழும்ப வேணும்" என்றார். நாங்கள் செய்துகொடுத்த பட்டியலில் நான்கு பேர்தான். ஐந்தாவதை அவரே சேர்த்திருக்கிறார்.